கண்டக்குழியில் இப்போது எத்தனை மணி?

"மகள், மணிக்கூட்டப் பாத்துச் சொல்லுங்க. இப்ப எத்தனை மணி?"

"பத்து அம்பது, டீச்சர்."

சுவரில் நேரம் 9.50. இரண்டாந்தரப் பிள்ளைகளுக்கு மணிக்கூடு பார்க்கச் சொல்லிக் கொடுத்த எவருக்கும் பழக்கமான பிழை இது. கவனமில்லாமல் சொல்லிவிட்டாள் என்று நினைத்துவிடுகிறோம். அவள் கவனமாகப் பார்த்ததால்தான் இந்த விடை வந்தது. மணிமுள் ஒரு மணித்தியாலத்துக்கு 30 பாகை நகரும். 9.50க்கு அது 12இலிருந்து 295 பாகை தள்ளி நிற்கும். 10 எழுதியிருக்கும் இடம் 300 பாகை. தொடுவதற்கு மிச்சம் 5 பாகைதான். நிமிடமுள்ளும் அதே 10இன் மேல் நிற்கிறது. இரண்டு முள்ளும் பத்தைக் காட்டும்போது ஒன்பது என்ற சொல் ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் எப்படி வரும்?

அதே நேரத்தைத் திறன்பலகையிலோ டேப்லெட்டிலோ 09:50 என்று இலக்கத்தில் காட்டினால் சிக்கல் தீர்ந்தது போலத் தெரியும். "ஒன்பது அம்பது" என்று தயங்காமல் வாசித்துவிடுவாள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "பத்து மணியாக இன்னும் எவ்வளவு நேரம்?" ஐம்பது என்று சொல்லும் பிள்ளைகள் நிறையப்பேர். ஐம்பதிலிருந்து நூறுக்கு ஐம்பது, அவர்கள் படித்த கணக்குப்படி அது சரி. 9.40க்குத் தொடங்கி 10.20க்கு முடிந்த பாடம் எவ்வளவு நேரம் நடந்தது என்று கேட்டால், 1020இலிருந்து 940ஐக் கழித்து 80 நிமிடம் என்று எழுதுவார்கள். நடந்தது 40 நிமிடம்.

ஆக, வட்ட மணிக்கூடு பிள்ளையைத் தொடக்கத்திலேயே தடுக்கிறது. இலக்க மணிக்கூடு உள்ளே விட்டுப் பிறகு தடுக்கிறது. வகுப்பறைக்குப் புதிய கருவி வாங்குவது பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் நான் இந்த இடத்தில்தான் நிற்பேன். நேரத்தை வாசிப்பது ஒரு திறமை, நேரம் எப்படி நடக்கிறது என்று புரிவது இன்னொன்று. பெரும்பாலான திரைகள் முதலாவதைத்தான் கற்றுக் கொடுக்கின்றன. இலங்கையின் கண்டக்குழி போன்ற கடற்கரைக் கிராமத்தில் இரண்டாவதைக் கற்றுக் கொடுக்க வேண்டிய எல்லாம் பாடசாலை முற்றத்திலேயே இருக்கிறது. திரையை அந்த முற்றத்தின் பக்கம் திருப்புவதுதான் வேலை.

குழந்தைகளின் கால உணர்வைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சுவிற்சர்லாந்தின் ழான் பியாஜே. 1928இல் டாவோஸில் நடந்த விரிவுரைத் தொடரில், காலத்தையும் வேகத்தையும் குழந்தைகள் எந்த ஒழுங்கில் விளங்கிக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை அவரிடம் எழுப்பியவர் ஐன்ஸ்டைன். சார்புக் கோட்பாட்டைத் தந்தவருக்கு அந்தக் கேள்வி வந்ததில் வியப்பில்லை. பியாஜேயின் விடை 1946இல் நூலாக வந்தது. அவர் செய்த சோதனை எளிது. இரண்டு பொம்மைகள் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக நிற்கும். ஒன்று வேகமாகப் போவதால் கூடுதல் தூரம் போயிருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால், தூரம் போன பொம்மைதான் கூடுதல் நேரம் ஓடியது என்று அடித்துச் சொல்லும். அந்த வயதில் நேரமும் தூரமும் இன்னும் பிரியவில்லை. இன்னொரு சோதனையில் பிள்ளைகள் ஒரு வேலையை மெதுவாகவும் பிறகு வேகமாகவும் செய்தார்கள், பக்கத்தில் மணற்கடிகை ஓடியது. தாங்கள் வேகமாகச் செய்தபோது மணலும் வேகமாக விழுந்தது என்று சிறிய பிள்ளைகள் நம்பினார்கள். மணிக்கூடு யாருக்காகவும் வேகம் மாற்றாது என்பது பிறவியிலேயே தெரிந்த உண்மை இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

1989இல் ஃப்ரீட்மன், லேகொக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கப் பாடசாலைகளில் முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை பார்த்தார்கள். இலக்கத்தில் எழுதிய நேரத்தைச் சிறு வகுப்பிலேயே வாசித்துவிடுகிறார்கள். முள்ளைப் பார்த்து வாசிக்க ஆண்டுகள் ஆகின்றன. நேரத்தைக் கூட்டிக் கழிக்க அதற்கும் மேலே காலம் பிடிக்கிறது. முழு மணி முதலில், பிறகு அரை, பிறகு கால், ஐந்து நிமிடம், கடைசியில் ஒவ்வொரு நிமிடமும் என்று ஏறும் படிகளை எந்த நாட்டிலும் ஆசிரியர்கள் கண்டிருக்கிறார்கள். 2018இல் இங்கிலாந்தில் பதின்ம வயது மாணவர்களே முள் மணிக்கூட்டை வாசிக்கத் திணறுவதால் சில பாடசாலைகள் பரீட்சை மண்டபங்களில் இலக்க மணிக்கூடு மாட்டுவதாகச் செய்தி வந்தது. மாட்டட்டும். ஆனால் வட்டத்தைக் கைவிடும்போது கூடவே போய்விடுவது, "இன்னும் எவ்வளவு" என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு. 9.50க்கும் 10க்கும் நடுவே உள்ள ஆறில் ஒரு பங்கு வட்டம் முகத்தில் வெறுமையாகக் கிடக்கிறது. 09:50 என்ற நான்கு இலக்கத்தில் அது எங்கும் இல்லை.

சரி, வட்டத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பிறிஸ்டல் மட்டையில் வட்டம் வெட்டி, இரண்டு முள் செய்து, நடுவில் ஆணி குத்தி மாணவர் கையில் கொடுப்பது நம் ஆசிரியர்களின் நெடுநாள் வழக்கம். அன்போடு செய்த கருவி அது. ஆனாலும் அதில் ஒரு குறை உண்டு: முட்கள் ஒன்றையொன்று அறியாமல் சுற்றும். மூன்றரை வைக்கச் சொன்னால் பிள்ளை சிறிய முள்ளை நேரே 3இல் வைத்து, பெரிய முள்ளை 6இல் வைப்பாள். உலகத்தில் எந்த மணிக்கூடும் அப்படி நிற்பதில்லை. மூன்றரைக்குச் சிறிய முள் 3க்கும் 4க்கும் நடுவில் நிற்க வேண்டும். பல செயலிகளிலும் இதே குறை. இரண்டு முள்ளையும் தனித்தனியே விரலால் இழுக்கவிட்டு, இலக்கம் பொருந்தினால் கைதட்டும் சத்தம் எழுப்புகின்றன. பிள்ளை கற்றது ஒரு பொருத்தல் விளையாட்டு.

எனவே ஒரு பாடசாலை திறன்பலகைக்கு மென்பொருள் தெரிவு செய்தாலும், ஆசிரியை தன் கைத்தொலைபேசியில் ஒரு செயலியை இறக்கினாலும், செய்ய வேண்டிய சோதனை ஒன்றே. பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்று இழுத்துப் பாருங்கள். சிறிய முள் கூடவே ஊர்ந்து ஓர் இலக்கம் நகர்ந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நகராவிட்டால், நிறமும் பாட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பெரிய முள் ஐந்து ஐந்து நிமிடமாகத் துள்ளித் துள்ளிப் போகிற செயலியும் எனக்கு உவப்பில்லை. நேரம் துள்ளுவதில்லை என்பதைத்தான் பிள்ளை பார்க்க வேண்டும்.

இன்னும் நல்லது, முதல் சில கிழமைகள் பெரிய முள்ளையே எடுத்துவிடுவது. திரையில் அதை மறைப்பது சுலபம், பழைய சுவர் மணிக்கூட்டிலும் கழற்றலாம். ஐரோப்பாவின் பழைய கோபுர மணிக்கூடுகளில் ஒரே முள்தான் இருந்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபியின் கோபுரத்தில் இன்றும் அப்படி ஒன்று உண்டு. 1656இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசல் மணிக்கூட்டை வடிவமைத்த பிறகுதான் நிமிடமுள்ளை நம்பும் அளவுக்குத் துல்லியம் வந்தது. அதுவரை மக்கள் மணிமுள் இரண்டு இலக்கங்களுக்கிடையே எங்கே நிற்கிறது என்று பார்த்தே கால், அரை, முக்கால் சொன்னார்கள். நம் வீட்டுப் பேச்சும் இந்த வழியில்தான் போகிறது. ஒன்பதேகால், ஒன்பதரை, ஒன்பதேமுக்கால் என்று சொல்லும்போது மணிமுள் 9ஐ விட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைத்தான் சொல்கிறோம். ஒற்றை முள்ளோடு பழகிய பிள்ளைக்கு 9.50 வந்தால், "பத்து இன்னும் ஆகல்ல, ஒம்பதே முக்காலுக்கு மேல" என்பது கண்ணுக்குத் தெரியும். பெரிய முள்ளைப் பிறகு மாட்டும்போது, அது அந்த இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டும் உதவிக் கருவியாக வந்து சேரும்.

முட்கள் ஏன் ஒன்றாக நகர்கின்றன என்று கேட்கும் பிள்ளை கட்டாயம் ஒருத்தராவது இருப்பார். அன்றைக்குப் பழுதான ஒரு சுவர் மணிக்கூட்டைக் கழற்றுங்கள். கடற்கரை வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. உப்புக்காற்றில் பெற்றரி முனை பச்சை பிடித்து நின்றுபோன மணிக்கூடு ஏதாவது ஒரு வீட்டு மூலையில் கிடக்கும். பின்பக்கத்துக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் வெள்ளைப் பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். நிமிடமுள்ளுக்கும் மணிமுள்ளுக்கும் இடையில் ஒரு சக்கரச் சோடி வேகத்தை மூன்றில் ஒன்றாக்கும், அடுத்த சோடி அதை நான்கில் ஒன்றாக்கும். மூன்று நான்கு பன்னிரண்டு. வாய்ப்பாட்டை இப்படிக் கையில் பிடித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் வேறு எங்கே கிடைக்கும்?

அதே பெட்டியில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்றும், அரிசியைவிடச் சற்றுப் பெரிய உலோக உருளை ஒன்றும் இருக்கும். உருளைக்குள் இருப்பது கவைபோல வெட்டிய குவாட்ஸ் படிகம். மின்னழுத்தம் கொடுத்தால் அது செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைத் தெரிவு செய்ததில் காரணம் இருக்கிறது. ஐந்தாந்தரப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாதியாக்கச் சொல்லுங்கள்: 16,384, 8,192, 4,096 என்று போய், சரியாகப் பதினைந்தாவது தடவையில் 1 வரும். சில்லுக்குள் இருக்கும் சுற்று இதைத்தான் செய்கிறது. செக்கனுக்கு ஒரு துடிப்பாகக் குறைந்ததும் அது சுருளுக்குப் போய், நடுவில் உள்ள சிறு காந்தத்தை அரைச் சுற்றுத் திருப்புகிறது. அந்தத் திருப்பம்தான் செக்கன் முள்ளின் "டிக்". 1969 டிசெம்பர் 25இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரோன் என்ற பெயரில் முதல் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது அதன் விலை ஒரு காரின் விலைக்கு நிகர். இன்று சந்தையில் மிக மலிவான சுவர் மணிக்கூட்டுக்குள்ளும் ஒரு குவாட்ஸ் படிகம் இருக்கிறது.

இனி முற்றத்துக்கு வருவோம். நான் மனமார எழுத விரும்பிய பகுதி இது.

மணிக்கூட்டு முள் ஏன் வலமாகச் சுற்றுகிறது? வழக்கமான விடை: மணிக்கூடு பிறந்தது வட அரைக்கோளத்தில், அங்கே நட்ட கம்பின் நிழல் காலையில் மேற்கே, நண்பகலில் வடக்கே, மாலையில் கிழக்கே என வலஞ்சுழியாகச் சுற்றும், முள் அந்த நிழலைப் பின்பற்றியது. ஐரோப்பாவுக்கு இது ஆண்டு முழுதும் பொருந்தும். கற்பிட்டித் தீபகற்பத்தின் கடலோரத்தில் கிடக்கும் கண்டக்குழிக்குப் பொருந்தாது. இந்த ஊர் இருப்பது வட அகலாங்கு ஏறக்குறைய 8.2 பாகையில். சூரியன் ஏப்ரல் 11 அளவில் இந்த ஊரின் நேர் உச்சிக்கு வந்து, அதைத் தாண்டி வடக்கே போய், செப்டெம்பர் 1 அளவில் திரும்பவும் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து மாதம் நண்பகல் சூரியன் கண்டக்குழிக்கு வடக்கே நிற்கும். அப்போது கம்பின் நிழல் காலையில் மேற்கே, நண்பகலில் தெற்கே, மாலையில் கிழக்கே. அதாவது இடஞ்சுழி. மணிக்கூட்டுக்கு நேர் எதிர்த் திசை.

ஜூன் மாதத்தில் ஒரு மீற்றர்க் கம்பு நட்டால் நண்பகல் நிழல் தெற்கே 27 சென்ரிமீற்றர் விழும். டிசெம்பர் இறுதியில் அதே கம்புக்கு நிழல் வடக்கே 61 சென்ரிமீற்றர். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் நிழலே இல்லாமல் போகும். ஏப்ரல் மாதத்தில் சூரியன் இலங்கையின் உச்சியில் தெற்கிலிருந்து வடக்காக நகர்வதையும், எந்த நாளில் எந்த ஊருக்கு என்பதையும் வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை அந்த நாட்களில்தான் வருகிறது என்பதால் பிள்ளைகள் இதை வீட்டு முற்றத்தில் பார்க்கலாம். ஒரே கம்பு, ஒரே ஊர், ஆண்டின் ஒரு பகுதியில் வலமாகவும் மறு பகுதியில் இடமாகவும் நிழல். லண்டன் பிள்ளைக்கு வாழ்நாளில் சொந்த ஊரில் கிடைக்காத காட்சி.

கைத்தொலைபேசி தன் உண்மையான மதிப்பைக் காட்டுவது இங்கேதான். நிழல் நகர்வது கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவானது. ஏழு வயதுப் பிள்ளையின் பொறுமைக்கு அப்பாற்பட்டது. போனை ஒரு கதிரையில் கட்டி, கம்பின் அடியையும் நிழலையும் பார்க்கிற மாதிரி மேலிருந்து சாய்த்து வைத்து, டைம்லாப்ஸ் முறையில் காலை எட்டு மணியிலிருந்து பதியவிட்டால், ஐந்து மணித்தியாலம் ஒரு நிமிடத்துக்குள் சுருங்கிவிடும். காட்சிக்குள் ஒரு சுவர் மணிக்கூட்டையும் படுக்க வைத்துவிடுங்கள். திறன்பலகையில் போட்டுக் காட்டும்போது முள் ஒரு பக்கமும் நிழல் மறு பக்கமும் போவதைப் பிள்ளைகள் ஒன்றாகக் காண்பார்கள். கமெராவைச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது, பிள்ளைகளும் சூரியனை நேரே பார்க்கக் கூடாது; இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும், பட்டச் சறுக்கலுக்கு வெளிநாட்டவர் கற்பிட்டிக் களப்பை நாடி வரும் காற்று அது. கம்பை ஆழமாக நட்டு, அடியில் கல் அடுக்கினால்தான் நிற்கும்.

திரையில் வேகமாக ஓடும் படத்துக்கு ஒரு மாற்று மருந்தும் தேவை. வேகமாகக் கண்டதை வேகமாக நடந்ததாக எடுத்துக்கொள்ளும் வயது இது, பியாஜேயின் மணற்கடிகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே அன்றே இன்னொரு விளையாட்டையும் வைக்கலாம். போனில் செக்கன் அளவியை ஓடவிட்டு, எல்லாரும் கண்ணை மூடி, ஒரு நிமிடம் ஆனது என்று தோன்றும்போது கையை உயர்த்த வேண்டும். ஒருமுறை சும்மா இருந்து. ஒருமுறை ஒற்றைக் காலில் நின்று. ஒருமுறை கதை கேட்டபடி. தங்கள் நிமிடம் நீண்டும் குறுகியும் போவதையும், அளவி அசையாமல் அதே 60ஐக் காட்டுவதையும் அவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

இப்போது ஒரு கேள்வி எழும். கம்பின் நிழல் மிகக் குறுகும் நேரம் மணிக்கூட்டில் 12.00ஆக இருக்காது. ஜூன் நடுவில் கண்டக்குழியில் அது 12.11. யார் பிழை, கம்பா மணிக்கூடா? இரண்டும் சரி. நம் மணிக்கூடு 82.5 பாகைக் கிழக்கு நெட்டாங்கின் சூரியனைப் பின்பற்றுகிறது. கண்டக்குழி இருப்பது 79.7 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுக்கும், எனவே சூரியன் இங்கே 11 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறது. இந்த 11 நிமிடமும் ஆண்டு முழுதும் நிலைத்து நிற்பதில்லை. பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதாலும் பெப்ரவரி நடுவில் உச்சி 12.25க்கும், நவம்பர் தொடக்கத்தில் 11.55க்குச் சற்று முன்னும் வருகிறது.

இந்த நுட்பமான வானியலை இவ்வூர்ப் பிள்ளைகள் நாளாந்தம் கண்டு வருகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. முஸ்லிம்களின் லுஹர் தொழுகையின் நேரம் சூரியன் உச்சி சாய்ந்ததும் தொடங்குகிறது. பள்ளிவாசல் சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு இலக்கப் பலகையில் பெப்ரவரியில் லுஹர் ஒரு நேரம், நவம்பரில் அதற்கு அரை மணித்தியாலம் முந்தி இன்னொரு நேரம். பிற்பகல் தொழுகையான அஸரின் நேரத்துக்கு ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட மரபு தரும் கணக்கு நேரடியாகவே நிழல் கணக்கு: நண்பகல் நிழலோடு பொருளின் உயரத்தையும் கூட்டிய அளவுக்கு நிழல் நீள வேண்டும். ஒரு வருட அட்டவணையை வகுப்பில் விரித்து, மாதத்துக்கு ஒரு புள்ளியாக லுஹர் நேரத்தை வரைபுத் தாளில் குறிக்கச் சொன்னால், பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும் சேர்ந்து வரைந்த வளைகோடு பிள்ளைகளின் கையில் வந்துவிடும். நான்காந்தர மாணவருக்கு வரைபு வரையத் தெரிந்தால் போதும்.

மணிக்கூட்டு நேரம் மனிதர் கூடிச் செய்த ஒப்பந்தம் என்பதற்கு இலங்கையைப் போல நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1906 ஜனவரி 1 முதல் நாடு கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தி நின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முள்ளை முன்னே தள்ளிப் போர் முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1996இல் வறட்சியால் நீர்மின் நிலையங்கள் தளர்ந்தபோது, மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தி மின்சாரம் மீதம் பிடிக்கலாம் என்று மே 25ஆம் திகதி ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. அந்த ஏற்பாடு 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்தப் பத்து ஆண்டும் பழைய நேரத்திலேயே இருந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தவர்கள் ஒரே தீவுக்குள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருப்பினார்கள்.

பிள்ளைகள் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். இலங்கையில் பாடசாலை தொடங்குவது காலை ஏழரைக்கு. இன்றைய நேரப்படி கண்டக்குழியில் பெப்ரவரியில் சூரியன் உதிப்பது ஆறரையளவில். அன்றைய நேரப்படி அது ஏழு. தூரத்திலிருந்து நடந்து வரும் பிள்ளை இருட்டில் புறப்பட வேண்டியிருந்தது. 2006இல் பழைய நேரத்துக்குத் திரும்பச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. மின்சாரம் போதாமல் நேரத்தையே மாற்றிய நாட்டில், இதே தீபகற்பத்தின் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் பிறகு எழுந்தது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுதும் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. திறன்பலகையை மட்டும் நம்பிப் பாடம் அமைக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இதற்குக் கம்பும் வேண்டும், போனும் வேண்டும். நிழல் மிகக் குறுகும் கணத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம், ஏனென்றால் அந்த நேரத்தில் நிழலின் நீளம் மிக மெதுவாகவே மாறும். நம் முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தார்கள். கம்பு நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்து மனை வகுத்ததை நெடுநல்வாடை சொல்கிறது. சிற்ப நூல்களில் அந்த முறை விரிவாக உண்டு. கம்பைச் சுற்றி ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் நிழலின் நுனி வெளியிலிருந்து உள்ளே வந்து வட்டத்தைத் தொடும் நேரத்தையும், பிற்பகலில் உள்ளிருந்து வெளியேறும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடு நேரம்தான் உச்சி. ஜூன் நடுவில் 11.20க்கு உள்ளே வந்த நிழல் 1.02க்கு வெளியே போனால், இடைவெளி 1 மணித்தியாலம் 42 நிமிடம், அதில் பாதி 51, அதை 11.20உடன் கூட்டினால் 12.11. 1020இலிருந்து 940ஐக் கழிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. பிழையாகக் கூட்டினால் விடை நிழலோடு ஒத்துப்போகாது என்பதால், ஆசிரியர் சொல்லாமலே அவளுக்குப் பிழை தெரிந்துவிடும். முற்றத்தில் வரைந்த வட்டத்தை நிழலின் நுனி தொட்ட கணத்தைப் போனில் எடுத்த படத்தின் நேரக் குறிப்பு செக்கன் வரை சொல்லும்.

அதே நாளில் மட்டக்களப்பில் ஒரு பாடசாலை இதே வேலையைச் செய்து, தங்கள் உச்சி நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். மட்டக்களப்பு 81.7 பாகை நெட்டாங்கில் இருக்கிறது. அவர்களுக்கு 12.03. கண்டக்குழிக்கும் அவர்களுக்கும் 8 நிமிட வித்தியாசம். ஒரு நாளின் 1,440 நிமிடத்தில் 8 நிமிடம் என்பது 180இல் ஒரு பங்கு. வரைபடத்தில் கிழக்கு மேற்காக அளந்தால் இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 220 கிலோமீற்றர். பூமி ஒரு நாளில் ஒரு முழுச் சுற்றுச் சுழல்வதால் இந்தத் தூரமும் அந்தச் சுற்றில் 180இல் ஒரு பங்கு. 220ஐ 180ஆல் பெருக்கினால் 39,600. இந்த அகலாங்கில் பூமியைச் சுற்றி வர உண்மையான தூரம் சுமார் 39,700 கிலோமீற்றர். நேரத்தில் அரை நிமிடம் பிசகினால் விடை 2,000 கிலோமீற்றருக்கு மேல் மாறிவிடும். அதனால் வட்டத்தைத் துல்லியமாக வரைய வேண்டும், கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குநூல் கட்டிப் பார்க்க வேண்டும், அளப்பதை ஒரே நாளோடு விடாமல் ஒரு கிழமை முழுதும் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.